கிணற்றில் நீந்தியவர்கள் கடலுக்குப் போனால்: கரையிலிருந்து பவளப்பாறைக்கு முக்குளிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருப்பூர்க்காரி. நீச்சல் கற்றது காங்கயம் பக்கம் அப்பச்சி தோட்டத்துக் கிணற்றில். கல்யாண வீடு, சீர் வரிசை, பனியன் கம்பெனி வாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் இந்தக் கடல் விஷயத்தைக் கேட்டுவிடுகிறார். ஒரே பதிலைப் பத்து முறை சொன்னதில் வாய் வலித்தது. எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன்.

கொங்கு நாட்டில் கடலே இல்லை. உங்களுக்கு எதற்கு இந்த வேலை?

கடல் இல்லாத ஊர்தான். ஆனால் நொய்யல் கரைக் கொடுமணலில் அகழ்ந்தபோது சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கடல் சங்கு சென்னிமலைப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. சங்கு வந்த வழியில் நான் திரும்பிப் போகிறேன், அவ்வளவுதான்.

கரையிலிருந்து முக்குளிப்பது என்றால் என்ன? படகில் போவதுதானே வழக்கம்?

படகில் போனால் பாறைக்கு நேர் மேலே நிறுத்துவார்கள். முதுகுப்புறமாக விழுந்தால் இடம் வந்துவிடும். கரையிலிருந்து என்றால் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து மணலில் நடந்து, அலையைக் கடந்து, நீந்திப் பாறையை அடைய வேண்டும். அதே வழியில் திரும்பவும் வேண்டும். படகுக் கட்டணம் மிச்சம், யாருடைய கடிகாரத்துக்கும் ஓட வேண்டியதில்லை, படகில் வாந்தி வருகிறவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. பதிலுக்கு உடம்பு உழைக்க வேண்டும். உடம்பை வருத்தாமல் தண்ணீருக்குள் மட்டும் சுகமாக இருக்க நினைப்பவர்களுக்குப் படகே நல்லது.

கரை முக்குளிப்புக்கு எல்லாக் கரையும் ஆகாது. பாறை கரைக்கு அருகிலேயே தொடங்கி ஆழத்தை நோக்கிச் சரிய வேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், இறங்கி ஏற ஒரு மணல் வழி வேண்டும். இந்த மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக அமைவதில்லை.

எனக்குக் கிணற்றில் நன்றாக நீந்தத் தெரியும். 60 அடிக் கிணற்றில் மேலிருந்து குதித்து அடியில் கிடந்த சொம்பை எடுத்து வந்திருக்கிறேன். அது போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத கொங்குக்காரர் இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கிணறு நமக்குத் தந்தது பெரிய சொத்து. தண்ணீர் பயம் போய்விட்டது. இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி அப்பச்சி என்னைத் தள்ளிவிட்ட நாளிலேயே அது போனது. கால் எட்டாத ஆழம் என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரியும். பட்டணத்து நீச்சல் குளத்தில் நாலடித் தண்ணீரில் பழகியவருக்கு இது கிடையாது.

ஆனால் கிணறு கற்றுக்கொடுத்ததில் பாதியைக் கடலில் மறக்க வேண்டும். முதலில் மறக்க வேண்டியது மூச்சை அடக்குவது.

கிணற்றில் மேலே ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு போகிறோம். கீழே போகப் போகத் தண்ணீரின் அழுத்தத்தில் அந்தக் காற்று சுருங்குகிறது. மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது. மேலே இழுத்ததைவிட ஒரு சொட்டுக்கூடக் கூடுவதில்லை. சிலிண்டர் காற்றைச் சுவாசித்து முக்குளிக்கும் ஸ்கூபாவில் கணக்கே வேறு. வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர், நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ற அடர்த்தியான காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே 5 லிட்டர் காற்றை இழுத்து, கிணற்றுப் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் ஏது? கிழிந்துவிடும். அதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு எழுந்தவருக்கே இது நேரலாம்.

என்னுடைய முதல் பயிற்சியில் ஆசிரியர் என் முகத்துக்கு நேரே வந்து, இரண்டு விரலை வாயருகே வைத்து ஊது ஊது என்று சைகை செய்துகொண்டே இருந்தார். நான் மூச்சு விடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும் அவர் சொன்னார்: உங்கள் குமிழி நின்று நின்று வருகிறது. பத்து வயதில் பழகியது நாற்பது வயதில் எனக்குத் தெரியாமலே வேலை செய்கிறது! நிற்காமல் மூச்சு விடு என்பதுதான் முதல் விதி. கிணற்றுக்காரர்களுக்கு அதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அடியில் காலை உதைத்து மேலே எழும் பழக்கம். கிணற்றடியில் சேறுதான் கலங்கும். பாறையில் உதைத்தால் உயிரோடிருக்கும் பவளம் உடையும். மூன்றாவது, குதிப்பது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

காது வலிக்குமா?

சொம்பு எடுக்கப் போனபோது காதுக்குள் ஊசி குத்தியதே, அதே வலிதான். கிணற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். இங்கே பொறுக்கவே கூடாது. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினால் காதுக்குள் காற்று போய்ச் சமமாகும். வலி வந்த பிறகு ஊதுவதில் பயன் இல்லை. வருவதற்கு முன்பே, ஒவ்வொரு முழத்துக்கும் ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். மேலேயுள்ள முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது என்பதால் தொந்தரவெல்லாம் அங்கேதான். கரையிலிருந்து சரிவாக இறங்குவதில் ஒரு நன்மை இது: ஆழம் படிப்படியாகக் கூடுவதால் காதுக்கு நேரம் கிடைக்கிறது.

சளி பிடித்திருந்தால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கவும். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு, மருந்தின் வேகம் பாதியில் தணிந்தால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே? கோவையில் கம்பிரசருக்கா பஞ்சம், நாமே நிரப்பிக்கொள்ள முடியாதா?

ஆக்சிஜன் இல்லை. நாம் இங்கே இழுக்கும் அதே காற்று: ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். தூய ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

கம்பிரசர் கேள்வியைப் பம்பு, மோட்டார் என்று பிழைக்கும் ஊர்க்காரர்கள் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பஞ்சர் கடைக் கம்பிரசர் 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்தும். ஸ்கூபா சிலிண்டருக்குச் சுமார் 200 பார் வேண்டும். அதற்கு மூன்று நான்கு கட்டமாக அழுத்தும் தனி இயந்திரம் உண்டு. அழுத்தத்தைவிடக் காற்றின் சுத்தம்தான் முக்கியம். சாதாரண இயந்திரத்தின் எண்ணெய் ஆவியும், பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடும் காற்றோடு உள்ளே போகும். மேலே தலைவலியோடு முடிவது, ஆழத்தில் அழுத்தத்தோடு சேர்ந்து ஆளையே சாய்த்துவிடும். நல்ல முக்குளிப்பு மையத்தில் வடிகட்டி எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நான் ஒருமுறை வந்திருக்கிறேன். திறந்து மோந்து பார்த்த காற்றில் டீசல் வாடை அடித்தது.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பாருக்கு நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. அமைதியாக இருக்கும் ஒருவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் 40. கடைசி 50 பாரைத் தொடாமல் வைத்தால் 40 நிமிடம் வரும். பதற்றக்காரருக்கு 20 நிமிடம்தான். என் வீட்டுக்காரர் முதல் முறை 18 நிமிடத்தில் காலி செய்தார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் காற்று மிஞ்சுகிறது என்பதைத் தினமும் சொல்லிக்காட்டுகிறார்.

கரை முக்குளிப்பில் திரும்பும் கணக்கும் சேரும். நான் 200 பாரில் தொடங்கினால் 120 காட்டும்போது திரும்புவேன். போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும். மீனவர்கள் நீவாடு என்பது இதைத்தான். உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது அதுவே நம்மைக் கரைக்குத் தள்ளும். மாற்றிச் செய்தவர்கள் இறங்கிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கரையேறி, சிலிண்டரோடு சுடுமணலில் நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அலையில் எப்படி இறங்குவது? குதிக்கலாமா?

இதுதான் விஷயத்தின் உயிர்நாடி. குதிக்கவே கூடாது. முதலில் ஒன்றும் செய்யாமல் உட்கார வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கடலை மட்டும் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும்: நாலைந்து பெரியது, பிறகு கொஞ்ச நேரம் சின்னது. அந்த இடைவெளிதான் நம் வாசல். எங்கே மணல், எங்கே பாறை என்று நிறத்தில் தெரியும். வெளிர் பச்சை மணல், பழுப்பும் கருமையும் பாறை. மணல் வழியாகவே இறங்க வேண்டும். எந்த வழியில் ஏறுவது என்று முடிவு செய்யாமல் இறங்கவே கூடாது. கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒரு தென்னையும் அதன் பின்னே ஒரு கோபுரமும் என்று, நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டால் திரும்பும்போது வழி தெரியும்.

இடுப்பளவுத் தண்ணீர் வரை செருப்புப் போன்ற காலணியோடு நடக்கலாம். நீந்தக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கையில் வைத்திருங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நகர்த்த வேண்டும். மணலுக்குள் திருக்கை புதைந்திருந்தால் அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். மிதித்தால் வால் முள்ளால் குத்தும். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், மிதவைச் சட்டையில் கொஞ்சம் காற்று. இந்த மூன்றும் இல்லாமல் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். அலை புரட்டிவிட்டாலும் மூச்சு இருக்கும். துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் ஃபின் போட வேண்டும். போட்ட பிறகு முன்னால் நடக்க முடியாது. கடலுக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடந்து, தலையை மட்டும் திருப்பி அலையைப் பார்த்து, ஆழம் வந்ததும் சாய்ந்து நீந்திவிட வேண்டும்.

எனக்கு முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன். முழங்காலளவுத் தண்ணீரில், ஒரு காலில் ஃபின்னை மாட்டிக்கொண்டு, மறுகாலை மடக்கி நின்றேன். ஊரில் செருப்பு மாட்டுவதுபோல. இடுப்பு உயரம்கூட இல்லாத ஓர் அலை. 14 கிலோ சிலிண்டர் முதுகில் இருந்ததால் ஆமையைப்போல மல்லாந்து விழுந்தேன். ஒரு ஃபின் அலையோடு போய்விட்டது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்துவந்து, ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்து பின்னத் தொடங்கினார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏறுவது இறங்குவதைவிடக் கடினம். களைப்பு, கனம், பின்னாலிருந்து அலை. எழுந்து நிற்கும் ஆசைதான் ஆளை வீழ்த்துகிறது. ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் ஆழம் முழங்காலுக்குக் குறையும் வரை நீந்துங்கள். பிறகு குழந்தை மாதிரி நாலு காலில் தவழ்ந்து வந்துவிடுங்கள். கௌரவத்தை ஊரில் வைத்துவிட்டு வருவது நல்லது. கிணறென்றால் படிக்கட்டைப் பிடித்து ஏறிவிடலாம். கடலில் படிக்கட்டு இல்லை.

அலை நெஞ்சளவுக்கு மேல் இருந்தால்? அன்றைக்கு இல்லை. 500 கிலோமீட்டர் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் அந்த நேரத்தில் மிகப் பெரிய ஆபத்து.

தமிழ்நாட்டிலேயே இப்படி இறங்க இடம் உண்டா?

ஒளிக்காமல் சொல்கிறேன்: ஸ்கூபாவுக்கு நம் கரை சுமார்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருந்தன. அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. நினைத்தபடி போய் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது.

ராமேஸ்வரம் தீவின் வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம், பாறை கரைக்கு அருகிலேயே ஓடுகிறது. ஆழம் குறைவு. அங்கே சிலிண்டர் வீண். மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போதும். எங்கே இறங்கலாம் என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டு, உள்ளூர் ஆளோடு போங்கள். உள்ளூர்க்காரர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு குளம்போல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் வடக்கு கலங்கும். ஆகவே எப்போது போனாலும் ஒரு பக்கம் அமைதியாக இருக்க வாய்ப்புண்டு. கோவையிலிருந்து வாராந்திர ரயில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததால் ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே போகிறது.

புதுச்சேரியிலும் சென்னைக் கோவளத்திலும் நல்ல முக்குளிப்பு உண்டு, ஆனால் படகில்தான்.

அப்படியானால் எங்கே போவது?

நமக்கு ஒரு வசதி, பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து கொச்சி 200 கிலோமீட்டருக்குள்தான். ராமேஸ்வரத்தைவிடப் பக்கம். லட்சத்தீவுக்குக் கப்பலும், அங்குள்ள அகத்தித் தீவுக்கு விமானமும் கொச்சியிலிருந்து உண்டு. அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். கத்மத், கவரத்தி, பங்காரம் ஆகிய தீவுகளில் கரையிலிருந்து நடந்தால் காயல், காயலின் விளிம்பில் பவளப்பாறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம்.

அந்தமானில் ஸ்வராஜ் தீவின் நீமோ ரீஃப் கரையிலிருந்தே இறங்கும் இடம். முதல் முறைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மாலத்தீவில் ஊர்க்காரர்கள் வாழும் தீவுகளில் விடுதிகள் உண்டு. பல தீவுகளில் விடுதி வாசலிலிருந்தே பாறைக்கு நீந்தலாம்.

கொஞ்சம் தூரம் போக முடிந்தவர்களுக்குப் பாலித் தீவின் துலாம்பென். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போகலாம். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை அந்தக் கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்தது. கூழாங்கல் கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினால் பவளம் போர்த்திய கப்பல். அங்கே நம் சிலிண்டர்களைத் தலையில் வைத்துச் சுமந்து செல்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். பஞ்சுப் பொதி தூக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வெறுங்கையோடு அவர்கள் பின்னால் நடக்கக் கூச்சமாக இருந்தது.

கரீபியனில் பொனேர் என்று ஒரு தீவு. சாலையோரம் மஞ்சள் கல் நட்டு முக்குளிக்கும் இடங்களைக் குறித்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்து, இறங்கு, போ. நான் இன்னும் போகவில்லை.

பயிற்சி எத்தனை நாள்? எவ்வளவு செலவு?

மூன்று, நான்கு நாள். பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. போன்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளின் முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரை அனுமதிக்கும். சான்றிதழ் இல்லாமல் ஆசிரியர் கைப்பிடியில் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது 12 மீட்டர் வரை. 10 வயதிலிருந்து சேரலாம். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். கிணற்றுக்காரர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. இந்தியாவில் கட்டணம் பொதுவாக 25,000 முதல் 35,000 ரூபாய். மிகக் குறைவாகச் சொல்பவரிடம் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள்.

பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் ஒரு ஊரில் முடித்து, கடல் பகுதியை வேறு ஊரில் முடிக்கவும் வழி உண்டு. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டி குளத்தில் சரியாக இருந்தாலும் கடலில் போதாது. உப்புத் தண்ணீர் நம்மை மேலே தூக்கும். ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் இரண்டரைக் கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டும்.

யாருக்கு ஆகாது?

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை செய்தவர்கள் மருத்துவர் எழுதித் தராமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. நம் ஊருக்கென்று ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: பஞ்சாலையில், நூற்பாலையில் பல வருடம் வேலை செய்தவர்கள் நெஞ்சு இறுக்கத்தைப் பழகிப்போய் நோயாகவே நினைப்பதில்லை. மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் மேலே வரும்போது காற்று நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். பயிற்சிக்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் 'இல்லை' என்று குறிப்பதற்கு முன் நுரையீரல் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

மீசை இருக்கிறது. மாஸ்க்கில் தண்ணீர் வருமாமே?

வரும். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மழித்தால் நின்றுவிடும். என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் தண்ணீரை ஊதி ஊதி வெளியேற்றினாரே தவிர, மீசையில் கை வைக்கவில்லை.

தாலிக்கொடி?

பெண்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பது இது. கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் விட்டுக் கழுத்துவரை ஜிப்பைப் போட்டுவிடுங்கள். வெளியே தொங்கினால் ரெகுலேட்டர் குழாயில் சிக்கும். பாறையில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. நான் கழற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நான் வரும்வரை கரையைவிட்டு எழுவதில்லை. இன்ன நேரத்துக்குள் வரவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கரை முக்குளிப்பில் இப்படி ஓர் ஆள் கரையில் இருந்தே ஆக வேண்டும்.

உடை முழு உடம்பையும் மூடும். வெயிலுக்கும் சொறி மீனுக்கும் அது காப்பு.

கீழே என்ன தெரியும்?

முதலில் கேட்கும். கடுகு தாளிக்கும் சத்தம், எல்லாப் பக்கத்திலிருந்தும். கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்களின் வேலை அது. பிறகு கறுக் கறுக் என்று முறுக்குக் கடிக்கும் சத்தம். கிளி மீன் பாறையைச் சுரண்டித் தின்கிறது. கல்லைத் தின்று வெண்மணலாகக் கழிக்கும். பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்தது.

நிறம் ஏமாற்றும். சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் குடித்துவிடுகிறது. 12 மீட்டரில் கையில் கட்டியிருந்த கோயில் கயிறு கருப்பாகத் தெரிந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று சிவந்தது.

ஒரு சின்னப் பவளத் துண்டு எடுத்து வரலாமா? மோதிரத்தில் வைக்க?

கூடாது. இறந்து கரையில் கிடப்பதையும் எடுக்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் இடம் பவளத்துக்கும் உண்டு. தவிர, செவ்வாய்க்கு மோதிரத்தில் பதிப்பது மத்தியதரைக் கடல் பக்கம் கிடைக்கும் செம்பவளம். நம் கடலில் பாறை கட்டும் பவளம் வேறு. கொண்டுவந்தாலும் காய்ந்து சுண்ணாம்பாகத்தான் கிடக்கும். சுண்ணாம்புக்காகவே தூத்துக்குடிப் பக்கத்தில் பல்லாண்டு வெட்டி எடுத்ததில்தான் மன்னார் வளைகுடாவின் அந்த இரண்டு தீவுகள் கரைந்தன.

பவளம் ஓர் உயிர். கிளை விடும் வகை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். உருண்டையான வகை ஒரு சென்டிமீட்டர். உங்கள் ஃபின் ஒருமுறை பட்டு உடைவது, உங்கள் பேத்தி காலத்தில்தான் ஈடாகும். கடல் சூடானால் அதற்குள் வாழும் பாசி வெளியேறி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய வெளுப்பு நடந்தது. ஏற்கெனவே நொந்து கிடக்கிறது. நம் காலும் அதன்மேல் வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் கொடைக்கானல் போய்விடலாமா?

வேண்டவே வேண்டாம். விமானத்தில் ஏறாதே என்பது எல்லாருக்கும் தெரிகிறது, மலையை மறந்துவிடுகிறார்கள். கீழே அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல இரத்தத்தில் குமிழியாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், முடக்கம் வரை போகலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர் 12 மணி நேரம், பல முறை இறங்கியவர் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது நடைமுறை. 2,000 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் நான் அதே 18 மணி நேரத்தைக் கடைப்பிடிக்கிறேன். கொச்சியிலிருந்து வரும்போது மூணாறு, வால்பாறை சுற்றி வரும் ஆசையும் வேண்டாம். பாலக்காடு வழியே தாழ்வான பாதை. கோவையே 400 மீட்டர் உயரம்தான். இருந்தாலும் ஓரிரவு கடற்கரையில் தூங்கிவிட்டுக் கிளம்புவதே என் வழக்கம்.

மேலே எழும்போதும் இதே கணக்குதான். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். கரைச் சரிவில் இந்த நிறுத்தம் தானாகவே அமைந்துவிடும். மீன் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும்.

ஏதாவது குத்திவிட்டால்?

திருக்கை, சிங்க மீன், கல் மீன் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தி வைக்க வேண்டும். வலி தணிய அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பிறகு மருத்துவமனை. தொடாமலும் மிதிக்காமலும் இருந்தால் பெரும்பாலும் எதுவும் குத்தாது.

என்ன வாங்குவது முதலில்?

முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க். பிறகு குதிகாலில் பட்டையுள்ள ஃபின்னும் அடி கெட்டியான காலணியும். கரைக்கு இது அவசியம். மூன்றாவது, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். மற்றதெல்லாம் வாடகை.

ஊருக்கு வந்து எப்படிக் கழுவுவது?

நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் காய்ந்தால் வாளியிலேயே வெள்ளை படியும், ரெகுலேட்டருக்குள் படிந்தால் கேட்கவா வேண்டும்? குடிக்கப் பிடித்து வைத்ததில் இரண்டு வாளி போதும். நிழலில் காய வைக்கவும். மே மாதத்தில் கார் டிக்கியில் போட்டு வைத்த என் முதல் மாஸ்க்கின் ரப்பர் வளைந்துபோனது.

கழுவிய தண்ணீரை என் மாமியார் கீழே ஊற்ற விடமாட்டார். தென்னைக்கு உப்பு நல்லது என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்.